வெண்டலின் விரல்கள்

வெண்டல் கிரீர் பதினோரு வருடமாக அமெரிக்க ஃபுட்பால், அதாவது பந்தைக் கையால் எறிகிற ஆட்டம், ஆடிச் சாப்பிடுகிறான். ஒரு நாளாவது அந்தப் பந்தைக் கையால் தொட்டிருப்பானா என்றால், இல்லை. அவன் வேலையே வேறு. பந்தை எறிகிற டானருக்கு முன்னால் அவனோடு சேர்த்து ஐந்து தடியர்கள் வரிசையாகக் குனிந்து நிற்பார்கள். எதிரணிக்காரன் எவனும் டானரை நெருங்காமல் முட்டித் தள்ள வேண்டும். தள்ளிவிட்டால் டானருக்குக் கைதட்டல், கோட்டைவிட்டால் அந்த ஐவரில் ஒருவனுக்கு வசவு. தப்பு செய்தால்தான் ஒலிபெருக்கியில் அவன் எண்ணைச் சொல்வார்கள். அப்படி ஒரு பிழைப்பு.

அந்த டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை ஓஹையோவின் ஏரிக்காற்று காதைக் கிழித்துக்கொண்டிருந்தது. பாதி ஆட்டம் முடிவதற்குள் எதிரணியின் பிரிக்ஸ்டன் மூன்று முறை வெண்டலைத் தாண்டிப் போய் டானரைச் சாய்த்துவிட்டான். பிரிக்ஸ்டன் இந்த வருடம்தான் ஆட வந்தவன், முகத்தில் தாடிகூடச் சரியாக முளைக்கவில்லை. வாய் மட்டும் நன்றாக முளைத்திருந்தது.

"என்ன தாத்தா, முட்டி புடிச்சுக்கிச்சா? சொல்லு, நாற்காலி போடச் சொல்றேன்."

"மூடிட்டு ஆடுடா."

"நான் எங்க ஆடுறேன்? நீதான் கதவைத் தெறந்து வெச்சிருக்க, நான் உள்ள போயிட்டு வர்றேன்!"

வெண்டலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த சீசனில் அங்கொருவன் இங்கொருவன் தாண்டிப் போனதை வயதுக் கோளாறு என்று விட்டிருந்தான். இந்தப் பையனோ அப்படியொன்றும் வேகக்காரன் இல்லை. ஆனால் டானர் எறியப்போகிறானா, இல்லை இன்னொருவனிடம் கொடுத்து ஓடவிடப்போகிறானா என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டவன் போலப் பாய்ந்தான். எப்படித் தெரிகிறது? அதுதான் வெண்டலை வாட்டியது.

இடைவேளையில் வரிசைக்காரர்களின் பயிற்சியாளர் மெக்கார்டில் அவன் எதிரே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வெண்டல், கத்துறதுக்கு எனக்குத் தெம்பு இல்ல. இன்னொரு தடவை அந்தப் பொடியன் உள்ள வந்தான்னா ஜேரட்டை எறக்கிடுவேன். அப்புறம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு வராத."

"எல்லாத்தையும் சரியாத்தான் பண்றேன் கோச்."

"சரியாப் பண்ணா டானர் ஏன்யா மண்ணத் தின்னுட்டு இருக்கான்?"

வெண்டலுக்கு வயது முப்பத்துமூன்று, ஒப்பந்தம் இந்த சீசனோடு முடிகிறது. டிசம்பரில் பெஞ்சில் உட்கார வைக்கப்பட்ட முப்பத்துமூன்று வயதுக்காரனை வசந்தத்தில் எந்த அணியும் சீந்தாது. முட்டுவதைத் தவிர அவனுக்கு வேறொன்றும் தெரியாது. இன்றைக்கு இடம் போனால் எல்லாமே போயிற்று.

மெக்கார்டில் நீட்டிய டேப்லெட்டில் முதல் பாதியின் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். ஒரு படத்தில் விரல் நின்றது. முந்தைய படத்துக்குப் போனான், மறுபடி அடுத்ததற்கு வந்தான். குனிந்து நிற்கையில் தரையில் ஊன்றியிருந்த தன் வலது கையைத்தான் பார்த்தான். பந்தோடு ஒருவன் ஓடப்போகும் ஆட்டத்தில் முன்னால் பாயவேண்டும் என்பதால் பாரமெல்லாம் கையில் இறங்கி விரல்நுனிகள் வெளுத்துக் கிடந்தன. டானர் எறியப்போகும்போது பின்னால் நகரவேண்டும். அப்போது அதே விரல்கள் புல்லைப் பட்டும் படாமலும் தொட்டுக்கொண்டிருந்தன. அட, இவ்வளவுதானா! விரலைப் பார்த்தால் போதும், ஆட்டம் என்ன என்று குழந்தைகூடச் சொல்லிவிடும்.

பிரிக்ஸ்டனுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று யோசிக்க நேரம் பிடிக்கவில்லை. செஃபோதான்.

வரிசையில் வெண்டலுக்கு இடப்பக்கம் ஆறு வருடம் நின்ற சமோவாக்காரன் செஃபோ. ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். போன சீசனில் செஃபோவின் ஆள், அதாவது அவன் தடுக்கவேண்டிய எதிரணிக்காரன், அடிக்கடி அவனை ஏமாற்றிவிட்டு உள்ளே புகுந்துவிட்டதால், 'கால் போய்விட்டது' என்று ஆகஸ்டில் அவனைக் கழித்துவிட்டார்கள். இந்தச் செவ்வாய்க்கிழமை இதே எதிரணி அவனைக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டது. ஞாயிறு மோதப்போகும் அணி கழித்துப்போட்ட ஆளைச் செவ்வாய் சேர்ப்பது எதற்கென்று இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். காலுக்காக யாரும் எடுப்பதில்லை, தலைக்குள் இருப்பதைக் கறக்கத்தான் எடுப்பார்கள். தெரிந்தும், வேலை கிடைத்ததே என்று வெண்டல்தான் முதலில் போன் போட்டு வாழ்த்தினான்.

இரண்டாம் பாதிக்கு வெளியே வந்தபோது செஃபோ எதிர்க்கோட்டோரம் நின்றிருந்தான். கவச உடை இல்லை, வெறும் ஜாக்கெட். அவன் இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. 'எப்படிடா பார்ப்பாய், துரோகி' என்று வெண்டல் பல்லைக் கடித்தான்.

பிறகு தன் விரல்களை வைத்தே விளையாட்டுக் காட்டினான். டானர் எறியப்போகும் ஆட்டத்தில், ஓடும் ஆட்டம்போல விரல்களை வெளுக்க வெளுக்க அழுத்தினான். பிரிக்ஸ்டன் நம்பித் தலையைக் குனிந்து முட்டவந்தான். அவனை அப்படியே அமுக்கித் தரையோடு படுக்கவைத்தான்.

"எந்திரிப்பா, நாற்காலி வரல, பாய்தான் கெடச்சுது" என்றான். வரிசையில் நின்றவர்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். அடுத்த தடவையும் பாச்சா பலித்தது.

கடைசி நிமிடம். நான்கு புள்ளி பின்னால் இருந்தார்கள், எல்லைக்கோடு எட்டிவிடும் தூரத்தில் இருந்தது. அதைத் தாண்டிப் பந்தைப் பிடித்துவிட்டால் ஆறு புள்ளி, ஆட்டம் கையில். எறியும் ஆட்டம். வெண்டல் விரல்களைப் புதைத்தே விட்டான். பந்து நகர்ந்தது. முன்னால் கொட்டிய பாரத்தைப் பின்னால் இழுக்க அவனுக்கு ஒரு இமைப்பொழுது அதிகம் பிடித்தது. பிரிக்ஸ்டன் இந்தமுறை ஏமாறவில்லை, பக்கவாட்டில் நழுவினான். வெண்டலின் இடதுகை யாரையும் கேட்காமல் நீண்டு அவன் சட்டையைப் பிடித்தது.

டானர் எறிந்த பந்து எல்லைக்கோட்டுக்கு அப்பால் ஒருவன் கையில் விழுந்தது. அரங்கமே எழுந்து கத்தியது. வெண்டல் மட்டும் தன் காலடியில், தப்பாட்டத்துக்கு நடுவர் வீசியிருந்த மஞ்சள் கொடியைப் பார்த்தான்.

"சட்டையைப் பிடித்தல். எண் அறுபத்தெட்டு. புள்ளிகள் செல்லாது" என்றது நடுவரின் குரல்.

அடுத்த இரண்டு எறிதலும் வீணாயின. தோற்றார்கள். அவனைக் கடந்து போன மெக்கார்டில், "புதன்கிழமைலேர்ந்து உன் எடத்துல ஜேரட் நிப்பான்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் நடு மைதானத்தில் கைகுலுக்குவது வழக்கம். வெண்டல் நேராகச் செஃபோவிடம் போனான்.

"வித்துட்டல்ல? ஆறு வருஷம் பக்கத்துல நின்னுட்டு என் விரலப் போய் வித்துட்டல்ல?"

செஃபோ முகத்தைச் சுளித்தான். "எந்த விரல்? ஊருக்கே தெரிஞ்சதை எவன்டா வாங்குவான்?"

"என்னது?"

"உன் விரலு நாலஞ்சு வருஷமா எல்லா டீம் வீடியோலயும் இருக்கு. இவனுங்ககிட்ட நான் சொல்ல வாயெடுத்தேன், அவனுங்களே எனக்குப் போட்டுக் காட்டுறானுங்க."

"பொய் சொல்லாத. இந்த வருஷம் வரைக்கும் என்னைத் தாண்டி எவன்டா போனான்?"

செஃபோ அவனையே பார்த்தான். சொல்லலாமா வேண்டாமா என்று தடுமாறுவது தெரிந்தது.

"நான் பக்கத்துல நின்னப்போ, எறியிறப்பல்லாம் உன் மேல பாய வர்றானுங்கன்னு எனக்குத் தெரியும்டா. என் ஆளை விட்டுட்டு, உன் ஆளு நெஞ்சுல வலது கையால ஒரு குத்து விடுவேன். அப்புறம்தான் என் ஆளுகிட்டப் போவேன். சில நாள் போய்ச் சேர முடியாது."

வெண்டலுக்குப் போன சீசனில் செஃபோவின் ஆள் உள்ளே புகுந்த ஆட்டங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அத்தனையும் எறியும் ஆட்டங்கள். செஃபோவுக்குக் கால் போய்விட்டதா என்று மெக்கார்டில் கேட்டபோது, ஆமாம் என்பதுபோலத் தான் தலையாட்டியதும் நினைவுக்கு வந்தது.

"ஏன்டா சொல்லித் தொலைக்கல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா திருத்தியிருப்பேனே!"

"திருத்தியிருக்க மாட்ட. விரலையே நெனச்சுட்டு நிப்ப. நெனச்சா லேட்டாகும். லேட்டானா சட்டையப் புடிப்ப." செஃபோ ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டான். "இன்னிக்குப் புடிச்சியே, அந்த மாதிரி."

வெண்டலுக்கு அவனை ஓங்கி ஒன்று விடவேண்டும் போலிருந்தது. அடிக்க ஒரு நியாயம்கூடக் கிடைக்கவில்லை.