லாரி ஓட்ட ஒரு கம்ப்யூட்டர்

டெல்லி கிட்வாய் நகர் அரசுக் குடியிருப்பில் நான்காவது மாடியில் இருக்கும் சாந்தகுமாரிக்கு ஐம்பத்திரண்டாவது வயதில் லாரி ஓட்டும் ஆசை பிறந்தது. நிஜ லாரி இல்லை. பொங்கலுக்கு ஜனக்புரியில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது, தங்கை மகள் அபூர்வா குளிக்கப் போன நேரம் பார்த்து அவளுடைய கம்ப்யூட்டர் முன்னால் சும்மா உட்கார்ந்தாள். திரையில் ஒரு சரக்கு லாரி நின்றிருந்தது. ஏதோ ஒரு விசையை அழுத்தினாள், லாரி நகர்ந்தது. அபூர்வா தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது பெரியம்மா மலைப்பாதையில் எட்டாவது வளைவில் இருந்தாள். சாப்பிடக் கூப்பிட்டதற்கு, "இரு, இறக்கத்துல இருக்கேன்" என்றாள்.

முப்பது வருஷமாக அமைச்சகத்தில் கோப்பு நகர்த்தியவள் அவள். நகர்த்தினால் உடனே நகரும் ஒரு பொருள் அவள் கைக்குக் கிடைத்தது அன்றுதான்.

அதற்குப் பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஏதேதோ காரணம் சொல்லி ஜனக்புரிக்குப் போனாள். நான்காவது ஞாயிறு அபூர்வாவே பொறுமை இழந்து, தனக்குப் பரீட்சை வருகிறது, பெரியம்மா சொந்தமாக ஒன்று வாங்கிக்கொள்வதுதான் நல்லது என்றாள். சாந்தகுமாரி மாதாமாதம் வங்கியில் கட்டிவந்த ஆர்.டி. அந்த மாதம்தான் முதிர்ந்திருந்தது. நாற்பத்தைந்தாயிரம். அதற்குள் முடியுமா என்று கேட்டாள். ரெடிமேடாக வாங்கினால் முடியாது, பாகம் பாகமாக வாங்கிப் பூட்டினால் முடியும் என்றாள் அபூர்வா.

பணம்கூடப் பெரிய தடையில்லை. கணவர் சிவஞானம்தான் தடை. அவர் ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் கொள்முதல் பிரிவில் இருக்கிறார். வீட்டுக்குக் குக்கர் வாங்குவதென்றாலும் மூன்று கடையில் விலை எழுதி வாங்கி, கட்டம் போட்டு, மிகக் குறைந்த விலையைச் சிவப்பு மையால் வட்டமிட்டுக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வாங்குவார். விளையாடுவதற்குக் கம்ப்யூட்டர் என்றால் முதல் கட்டத்திலேயே கோப்பை மூடிவிடுவார். ஆகவே வீட்டிலிருந்து ஆபீஸ் வேலை பார்ப்பதற்கு என்று சாந்தகுமாரி சொன்னாள். அவர் சந்தோஷமாகப் பட்டியல் கேட்டார்.

அபூர்வா பட்டியல் அனுப்பினாள். அதில் கிராஃபிக்ஸ் கார்டு என்ற ஒரே பொருள் மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தின்றது. சிவஞானம் அதைத்தான் முதலில் அடித்தார். கடிதம் தட்டச்சு செய்ய இது எதற்கு என்று ஓரத்தில் எழுதினார். கார்டு இல்லாவிட்டால் லாரி நகராது, புகைப்படம் மாதிரி நின்றுவிடும். சாந்தகுமாரி பால்கனிக்குப் போய் அபூர்வாவுக்குப் போன் போட்டாள்.

"பெரியப்பா கம்மி ரேட்தானே பாப்பாங்க? அச்சா, அப்ப பிராசஸர்ல ரெண்டு ஆப்ஷன் குடுங்க" என்றாள் அபூர்வா. "ஒண்ணு மூவாயிரம் ரூபா கம்மி. ஆனா அதுல டிஸ்பிளே வராது. கார்டு போட்டாதான் ஸ்க்ரீன்ல படமே தெரியும். அதை இப்ப சொல்லாதீங்க."

சாந்தகுமாரி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி அவர் முன்னால் வைத்தாள். வேகம் ஒன்றேதான், கம்பெனியும் ஒன்றேதான், விலையில் மட்டும் மூவாயிரம் வித்தியாசம். சிவஞானம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு நிமிஷம் பார்த்தார். பிறகு குறைந்த விலையை வட்டமிட்டுக் கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டார். சாந்தகுமாரி சமையலறைக்குப் போய் மிக்ஸியை ஓட விட்டுச் சிரித்தாள்.

அடுத்த சனிக்கிழமை மூன்று பேரும் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த நேரு பிளேஸுக்குப் போனார்கள். கேமிங் என்ற வார்த்தை வாயில் வரக்கூடாது என்று அபூர்வா கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாள். அவரும் வார்த்தைக்கு வார்த்தை ஹெவி வேலை, ஹெவி வேலை என்றே சொல்லிக்கொண்டிருந்தார். பிராசஸரை வாங்கிப் பில்லும் போட்ட பிறகு, இதற்குக் கார்டு வேண்டுமே, இல்லாவிட்டால் திரை இருட்டாகத்தான் இருக்கும் என்று அவர் இந்தியில் சாவகாசமாகச் சொன்னார். சிவஞானம் பில்லைப் பார்த்தார். திருப்பி எடுக்க மாட்டோம் என்று அதில் அச்சடித்திருந்தது.

ஆனால் முப்பது வருஷக் கொள்முதல்காரர் அவ்வளவு லேசில் விழுவாரா? அப்படியென்றால் இருப்பதிலேயே மலிவான கார்டைக் காட்டு என்றார். அபூர்வாவின் முகம் வாடிவிட்டது. கடைக்காரர் தீப்பெட்டி மாதிரி ஒன்றை எடுத்து வைத்தார். அதில் லாரி என்ன, சைக்கிள்கூட ஓடாது. இந்த இடத்துக்கு அபூர்வா திட்டம் எதுவும் போட்டிருக்கவில்லை. சாந்தகுமாரி தானாகத்தான் யோசித்தாள்.

"என்னங்க, மானிட்டர் எதுக்கு? ஏழாயிரம் சொல்லுதாங்க. நம்ம ஹால் டிவியிலயே மாட்டிக்கலாமே" என்றாள். "அந்தக் காசுல நல்ல கார்டா எடுத்தா பத்து வருஷம் உழைக்கும்லா?"

ஒரு பொருளையே முழுசாக மிச்சம் பிடிக்கலாம் என்றதும் சிவஞானத்தின் முகம் மலர்ந்தது. நல்ல கார்டு வந்தது. அதன் அட்டைப் பெட்டியில் உள்ளங்கை அகல எழுத்தில் கேமிங் என்று போட்டிருந்தது. அவர் அதை வாசித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். இப்போதெல்லாம் நாற்காலியில்கூட அப்படித்தான் எழுதுகிறார்கள் என்றாள் சாந்தகுமாரி. அவர் தலையாட்டினார். எல்லாப் பாகங்களையும் உள்ளே பூட்டி வைக்கும் கேபினெட் வாங்கும்போது விளக்கில்லாததைவிட விளக்கு வைத்தது இருநூறு ரூபாய் குறைவாக இருந்தது. அவர் அதையே எடுத்தார். வீட்டில் பூட்டி மின்சாரம் கொடுத்ததும் அது சிவப்பும் நீலமுமாகச் சுழன்றது. கோயில் கொடைப் பந்தல் மாதிரி இருக்கிறது என்று அவரே சொன்னார்.

ஒரு வாரம் சாந்தகுமாரி ஒழுங்காகக் கடிதம் தட்டச்சு செய்தாள். அடுத்த ஞாயிறு சாயங்காலம் அவர் ஆர்.கே. புரம் கோயிலுக்குக் கிளம்பியதும் லாரியை எடுத்தாள். பாதி வழியில் மழை பிடித்துக்கொள்ள, அவர் திரும்பிவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு ஹாலுக்குள் வந்தவர், தன் டிவியில் பதினெட்டுச் சக்கர லாரி ஒன்று பாலத்தைக் கடப்பதைப் பார்த்தார்.

"என்ன இது?"

"லாரி."

"அது தெரியுது. ஆபீஸ் வேலைன்னு சொன்னியே?"

"அதுவும் செய்வேன்" என்றாள் சாந்தகுமாரி. நிறுத்தக் கை வரவில்லை, பாலம் இன்னும் முடியவில்லை.

அவர் உள்ளே போய்க் கொள்முதல் தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு, எந்த இடத்தில் ஏமாந்தோம் என்று வரிவரியாகத் தேடினார். எல்லா வரியிலும் அவருடைய கையெழுத்துத்தான் இருந்தது. இரண்டு நாள் பேச்சில்லை. சாந்தகுமாரிக்குக் கொஞ்சம் உறுத்தியது. அவருக்குப் பிடித்த எள்ளுத் துவையல் அரைத்து வைத்தாள், அதைப் பேசாமலே சாப்பிட்டார். உறுத்தல் இருந்தாலும் லாரியை அவள் விடவில்லை. சாயங்காலம் டிவி அவள் கையில் இருந்ததால் அவருக்குச் செய்தி விவாதமும் போய்விட்டது. மூன்றாம் நாள் வேறு வழியில்லாமல் சோபாவின் மறுகோடியில் வந்து உட்கார்ந்தார்.

"என்ன லோடு?" என்று கேட்டார்.

"சிமெண்டு. இருபத்திரண்டு டன்."

"எங்க இறக்கணும்?"

"இன்னும் நானூறு கிலோமீட்டர் இருக்கு."

அவர் கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்தார். பிறகு ஆரம்பித்தார். எண்பதுக்கு மேல் போகாதே, முன்னால் பஸ் நிற்கிறது, கண்ணாடியைப் பார்த்துத் திருப்பு, கைகாட்டி விளக்குப் போடு. சாந்தகுமாரி பல்லைக் கடித்துக்கொண்டு எழுபத்தெட்டில் ஓட்டினாள். இதற்கு அவர் பேசாமல் இருந்ததே தேவலை என்று தோன்றியது. டிரைவருக்கு டீ வேண்டாமா என்று அவர் கேட்டபோது, வேண்டும், இஞ்சி தட்டிப் போடுங்கள், நன்றாகக் கொதிக்கட்டும் என்று உடனே சொன்னாள்.

அவர் சமையலறைக்குள் போனதும் நூற்றுப் பத்தில் அழுத்தினாள். இரண்டு பஸ்ஸை முந்தினாள். மூன்றாவதை முந்தும்போது லாரி வேலியை உடைத்துக்கொண்டு போய் வயலில் மல்லாந்தது. இரண்டு தம்ளரோடு வந்து நின்ற சிவஞானம் திரையில் சக்கரங்கள் வானத்தைப் பார்த்துச் சுற்றுவதைக் கண்டார்.

"மழை, வழுக்கிட்டு" என்றாள் சாந்தகுமாரி.

அவர் நம்பிவிட்டார். தம்ளரை அவள் கையில் கொடுத்து, "இந்த ரோட்டுல டயர் சரியில்ல போல. மெதுவா எடு" என்றார்.