கறை படிய நாளாகும்

என் அண்ணன் வாழ்க்கையில் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அந்தக் குன்றைப் படம் எடுத்ததுதான். ஸ்டூடியோ வைத்தான், மூடினான். கல்யாணங்களுக்குப் போனான்; மணப்பெண்ணை விட்டுவிட்டு ஜன்னல் வெளிச்சத்தை எடுத்துவந்து திட்டு வாங்கினான். ஆனால் புல்கூட முளைக்காத பாலையில் நிற்கும் அந்தக் குன்றுக்கு மட்டும் வருஷக்கணக்கில் விடாமல் போனான். யாரோ எப்போதோ கல்லால் கொத்திவைத்த ஆடுகளும் வில்லேந்திய ஆட்களும் அவன் படங்களில், கரும்பலகையில் சாக்பீஸால் வரைந்தவை மாதிரி பளிச்சென்று இருக்கும். அவன் வெளிச்சம் பிடிக்கிற கெட்டிக்காரத்தனம் அது என்று நான் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேன்.

இப்போது குன்றை உடைத்து ஜல்லியாக்க ஒரு கம்பெனி வந்திருக்கிறது. பாறையில் கொத்திய அந்தப் படங்கள் பழையவை என்று காட்டினால் குன்றை விட்டுவிடச் சொல்கிறேன் என்றார் விசாரணை அதிகாரி. எல்லாம் போன தலைமுறைக் கிறுக்கல் என்று சாதிக்கிறார் கம்பெனி வக்கீல். ஆய்வுக்கூடத்தில் கல்லையும் மண்ணையும் அளந்து பிழைக்கிறவள் நான். அதனால் அண்ணன் என்னைக் கூப்பிட்டான். தங்கை அளந்தால் செல்லுமா என்று கம்பெனிக்காரர்கள் கேட்கவில்லை. இந்த வெயிலில் வேறு எந்தப் பைத்தியமும் வராது என்று அவர்களுக்குத் தெரியும்.

விஷயம் இவ்வளவுதான். பாலைப் பாறையின் மேல் தூசும் பனியும் சேர்ந்து ஒரு கறுப்புப் பூச்சு படியும். அடுப்பங்கரைச் சுவரில் கரி படிகிற மாதிரிதான், ஆனால் முடி கனத்துக்குக்கூட வராத அந்தப் பூச்சு படியப் பல ஆயிரம் வருஷம் ஆகும். அதில் மாங்கனீசு என்ற உலோகம் இருக்கும். கொத்தும்போது கறுப்பு உடைந்து வெளிர்கல் தெரியும். பிறகு அந்தப் பள்ளத்திலும் மெல்லப் படியத் தொடங்கும். பள்ளத்தில் எவ்வளவு மாங்கனீசு சேர்ந்திருக்கிறது என்று பார்த்தால் படத்தின் வயதை ஓரளவு சொல்லிவிடலாம். சுரண்டக்கூட வேண்டாம். துப்பாக்கி மாதிரி ஒரு எக்ஸ்ரே கருவியை வைத்து அழுத்தினால் போதும்.

"இதென்ன, தலை காய வைக்கிற மெஷினா?" என்றாள் அண்ணி, சோறு போட்டுக்கொண்டே.

"கல்லுக்கு வயசு பார்க்குறது, அண்ணி."

"அப்படியே உங்க அண்ணன் மூளைக்கும் பாரு. மனுஷன் வீட்டுக்குன்னு வாங்கிட்டு வர்ற ஒரே சாமான் பாத்ரூம் கழுவுற ஆசிட்தான். பாத்ரூம் என்னவோ வழுக்கிக்கிட்டேதான் கிடக்கு. குடிக்கிறாரோ என்னவோ."

மூன்று பேரும் சிரித்தோம். அவன்தான் அதிகமாகச் சிரித்தான்.

மறுநாள் குன்றில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. சுற்றியுள்ள பாறையில் மாங்கனீசு கொட்டிக்கிடந்தது. படங்களின் பள்ளத்தில் மட்டும் சுத்தமாக ஒன்றுமில்லை. ஒரு ஆடு, இன்னொரு ஆடு, வில்லுக்காரன், எல்லாம் நேற்றுக் கொத்திய மாதிரி. சாயங்காலம் வரை அளந்தேன். கேட்டுவிட்டேன்.

"நீயே கொத்தினியாண்ணா?"

அவன் முகம் விழுந்துவிட்டது. "நீயுமா?" என்றான். பிறகு, "பின்னாடி ஒண்ணு இருக்கு, வா. போன மாசம்தான் கண்ணுல பட்டுச்சு. இன்னும் படம்கூட எடுக்கல" என்றான்.

சரிந்த பாறைக்கு அடியில் மண்டியிட்டு எட்டிப் பார்த்தேன். ஒரு ஆடு. சாய்ந்த வெயிலில்தான் கோடே தெரிந்தது. பள்ளமும் பாறை மாதிரியே கறுத்துக்கிடந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கிழட்டு ஆடு. அதற்குள் கருவியில் சார்ஜ் தீர்ந்திருந்தது.

"இது ஒண்ணு போதும்ண்ணா. காலையில முதல் வேலையா இதை அளந்துடலாம்."

"சரியாத் தெரியவே மாட்டேங்குதே," என்றான் அவன்.

காலையில் நான் எழுந்தபோது அவன் ஸ்கூட்டர் இல்லை. காரை எடுத்துக்கொண்டு போனேன். சரிந்த பாறையை நெருங்கும்போதே மூக்கில் ஏறியது, பாத்ரூம் நெடி.

அண்ணன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். ஒரு கையில் பிரஷ், பக்கத்தில் பாட்டில், தோளில் ஈரத்துணி. பாறையில் ஆடு வெள்ளைவெளேரென்று நின்றது.

"நல்லா ஊறவச்சுத் தேய்ச்சிட்டேன்," என்றான். "எல்லாத்தையும் இப்படிக் கழுவித்தான் எடுப்பேன். இப்ப உன் மெஷினுக்குச் சிரமம் இருக்காது பாரு."

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இங்கே வருமுன் போனில் நான் மாங்கனீசு மாங்கனீசு என்று பேசியபோதெல்லாம் அவன் உம் கொட்டினான். அது கல்லுக்குள் இருக்கிற ஏதோ சத்து என்று நினைத்திருக்கிறான். மேலே இருந்தது அவனுக்கு அழுக்கு.

"கழுவுறதுக்கு முன்னாடி எடுத்த படம் ஏதாவது இருக்கா?"

"தெரியாததை எதுக்கு எடுக்கணும்?"

நேற்று என் கண்ணால் கறுப்பாகப் பார்த்தேன் என்று நான் சொல்லலாம். கருவிக் கணக்கு இல்லாத வெறும் தங்கச்சி பேச்சை எந்த அதிகாரி காதில் போட்டுக்கொள்வார்? ஆனாலும் கருவியை ஆட்டின் வயிற்றில் வைத்து அழுத்தினேன். வெயில் படாமலிருக்க அவன் குடை பிடித்தான். ஒன்றுமில்லை.

"எவ்வளவு காட்டுது?"

பொய் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. விசாரணையில் வக்கீல் வாயால் கேட்பதைவிட என்னிடம் கேட்கட்டும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கையிலிருந்த குடை மெல்லச் சாய்ந்து என் தலையில் இடித்தது.

பிறகு பாட்டிலை எடுத்து மூடியை இறுக்கித் திருகினான். ஈரத்துணியால் ஆட்டின் முதுகைத் துடைக்கப் போய், பாதியில் கையை இழுத்துக்கொண்டான்.

"அந்தக் கறை திரும்பப் படியுமா?"

"படியும்."

"எவ்வளவு நாளாகும்?"

நான் சொன்னேன். அவன் தலையாட்டினான். அடுத்த மாதம் வெடி வைப்பதற்காகக் கம்பெனிக்காரர்கள் சுண்ணாம்பால் போட்டிருந்த கோடு எங்களுக்குக் கீழேயே தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, "அவ்வளவு நாளும் இந்தப் பாறை மேல யாரும் கைவைக்காம இருக்கணும், இல்லையா?" என்று கேட்டான்.