மடிப்பறையில் கிறிஸ்துமஸ்

ஆஸ்பத்திரித் துணியில் என்னென்ன வரும் என்று நான் சொல்ல ஆரம்பித்தால் சாப்பிட உட்கார்ந்தவர்கள் எழுந்து போய்விடுவார்கள். அதை விடுங்கள். மூக்குக்கண்ணாடி, பல் செட், ஒற்றைக் கம்மல், காது மெஷின் எல்லாம்கூடப் படுக்கை விரிப்போடு சுருண்டு வந்துவிடும். துவைக்கப் போடுமுன் உதறி எடுத்து, நோட்டில் எழுதி, அலமாரியில் வைக்க வேண்டும். சலவைப் பிரிவில் அந்த நோட்டும் போனும் என் பொறுப்பு. பதினாறு வருஷமாக ஒழுங்காகத்தான் எழுதினேன்.

ஜூன் மாதம் ஒரு டிஸ்க் வந்தது. காகித உறை, மேலே ஒரு எழுத்தும் இல்லை. துவைத்த துணியை மடிக்கிற மடிப்பறையில் தூசி தின்றுகொண்டிருந்த பிளேயரில் சும்மா போட்டுப் பார்த்தேன். வயலின்கள் கும்பலாக எழுந்தன, பின்னால் கொம்புகள், நடுநடுவே சின்ன மணிகள். டிசம்பரில் கடைக்குக் கடை போடுகிற அதே கிறிஸ்துமஸ் மெட்டுகள்தான். ஆனால் பாட ஆளில்லை, வெறும் வாத்தியம். அதை மட்டும் நான் நோட்டில் எழுதவில்லை.

டிசம்பரில் இந்த மெட்டுகளைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாதிப் பேர் லீவு போட்டுவிட்டுப் போவார்கள், அவர்கள் வேலையும் என் தலையில் விழும். ஊரே கொண்டாடும்போது நான் தலையணை உறை எண்ணிக்கொண்டிருப்பேன். ஜூனில் அந்த வயிற்றெரிச்சல் இல்லை. யாருக்கும் பண்டிகை இல்லாத நாளில் எனக்கு மட்டும் ஒன்று வந்த மாதிரி இருந்தது. வீட்டில் மாமியார் கூப்பிடுவார், இடுப்பு பிடித்துக்கொண்ட கணவர் கூப்பிடுவார், இங்கே வந்தால் வார்டுக்கு வார்டு போனில் கூப்பிடுவார்கள். வார்த்தையே இல்லாத அந்தச் சத்தம் ஒன்றுதான் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

விரிப்பின் மறுமுனையைப் பிடிப்பவள் என் நாத்தனார். வேலை நான் வாங்கிக் கொடுத்தது, வாய் அவள் கொண்டுவந்தது.

"வேர்த்து ஊத்துது. இந்த லட்சணத்துல உனக்குக் கிறிஸ்துமஸ் கேக்குதாக்கும் அண்ணி" என்றாள் முதல் நாள்.

ஒரு வாரத்தில் அவள் காலும் தாளத்துக்கு வந்துவிட்டது. மூலையோடு மூலை சேர்க்க மூன்று எட்டு, பின்னால் போக மூன்று எட்டு. நாலாவது பாட்டு வந்தால் அவளே போய்ச் சத்தத்தைக் கூட்டுவாள். ஆனாலும் வாயால் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

ஜூலை ஆரம்பத்தில் ஒரு போன் வந்தது. தணிந்த குரலில் ஒரு ஆண்.

"ஏழாவது வார்டுத் துணியில ஒரு டிஸ்க் ஏதும் வந்துச்சாங்க?"

உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்த மடிப்பறைக் கதவைக் காலால் சாத்தினேன். "அப்படி எதுவும் வரலீங்க" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, வந்துவிட்டது. அன்றைக்கு முதுகு தனியாகக் கழன்றுவிடும்போல இருந்தது, அந்த ஒன்றையும் பிடுங்காதே என்றுதான் தோன்றியது. பிசாத்து டிஸ்க், கடையில் இன்னொன்று வாங்கிக்கொள்ளட்டும் என்று சமாதானமும் சொல்லிக்கொண்டேன். நாத்தனார் என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஒரு வாரம் கழித்து அதே ஆள் மறுபடி கூப்பிட்டார், தொந்தரவுக்கு மன்னிப்புக் கேட்டபடியே. ஒரு தடவை இல்லையென்றதை மறு தடவை இருக்கு என்று எப்படிச் சொல்வது? இல்லையென்றே சொன்னேன்.

ஆகஸ்டில் ஒரு மத்தியானம், நோட்டில் ஏறியிருந்த ஒரு கண்ணாடியைக் கேட்டு ஒருவர் வந்தார். அலமாரி மடிப்பறையில் இருப்பதால் நாத்தனார் நேரே உள்ளே கூட்டி வந்துவிட்டாள். நாலாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். "சொல்லுங்க" என்றேன். கையைக் காட்டி, பொறுங்கள் என்றார். குரலைக் கேட்கும் முன்பே அந்தப் போன் ஆள் இவர்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பாட்டு முடிகிறவரை நாங்கள் மூவரும் அப்படியே நின்றோம்.

"இந்த வயலின் கூட்டத்துல என் சம்சாரமும் இருக்கா" என்றார். "அவங்க குழு ஒரே ஒரு தடவதான் ரெக்கார்ட் பண்ணாங்க. எங்ககிட்ட இருந்தது இது ஒண்ணுதான்."

நான் பிளேயரை நிறுத்தினேன்.

"டிசம்பர் வரைக்கும் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. சரி, நமக்கு ஜூன்லயே கிறிஸ்துமஸ்னு வச்சுக்கிட்டோம். வார்டு மாத்தும்போது காணாமப் போச்சு. கடைசி வரைக்கும் தேடச் சொல்லிட்டே இருந்தா. போய் இன்னியோட மூணு வாரம்."

மூன்று வாரம். முதல் போன் வந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. இரண்டு தடவை அவர் கூப்பிட்டபோதும் அந்த அம்மா உயிரோடு இருந்திருக்கிறார், இரண்டு மாடிக்கு மேலே.

"ரெண்டு தடவ போன் பண்ணேன்" என்றார் அவர். "அந்தம்மா தேடிப் பாத்துட்டு இல்லைன்னாங்க. பாவம், இவ்வளவு துணியில எங்கன்னு தேடுவாங்க."

"இப்பத்தாங்க கிடைச்சுது, போன வாரம்..." என்று நாத்தனார் முந்திக்கொண்டாள். எத்தனை சண்டை போட்டாலும் என்னை விட்டுக்கொடுக்க மாட்டாள். நானும் தலையாட்டியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். என்னால் முடியவில்லை.

"இல்லீங்க. அந்தப் போனை எடுத்தது நான்தான். அப்பவும் இது இங்க ஓடிட்டுத்தான் இருந்துச்சு. கதவைச் சாத்திட்டு இல்லைன்னு சொன்னேன்."

கத்துவார், மேலிடத்தில் சொல்வார் என்று நினைத்தேன். கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவர் பிளேயரைத் திறந்து டிஸ்க்கை எடுத்தார், ஓரத்தை மட்டும் பிடித்து உறைக்குள் போட்டார். நாத்தனார் அலமாரியிலிருந்து எடுத்து நீட்டிய கண்ணாடியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வாசல்வரை போனவர் திரும்பினார்.

"நல்லா இருந்துச்சா?"

குத்திக் காட்டுகிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"நல்லா இருந்துச்சுங்க" என்றேன். "ஒரு நாள் விடாம கேட்டேன்."