அறுபத்திரண்டு படிகளும் ஒரு ‘சும்மா’வும்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் தப்பிலிருந்து பிறந்தது. மூன்றே சொல் கொண்ட தப்பு: “ஓய்வு நேரத்தில் செய்யப்பட்டது.” எழுதியது நான். அது அட்டையில் அச்சாகி, எனக்கு எதிரே சுவரில் கண்ணாடிக்குள் இருக்கிறது. அதற்கு மேலே என் அக்கா தைத்த மாடிப்படி தொங்குகிறது.

நாங்கள் இருப்பது ஒரு பெருநகரத்துக் கண்காட்சி மண்டபத்தின் வரவேற்புக் கூடம். வந்த காரியம் ஒன்றுதான்: அந்த மாடிப்படியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். பொறுப்பாளர் கூட்டத்தில் இருக்கிறாராம், உட்காரச் சொன்னார்கள். அக்கா மடியில் பையை வைத்துக்கொண்டு அவர் அறைக் கதவையே முறைக்கிறாள். நான் நோட்டைத் திறந்து எழுதுகிறேன். கோபத்தில் இருக்கும்போது எழுதக்கூடாது என்பார்கள். அப்படிச் சொன்னவர்கள் யாரும் என் அக்காவோடு ஆறு மணி நேரம் ரயிலில் வந்ததில்லை.

2

தொடக்கம், முதல் முயற்சி:

“அவள் ஓர் எளிய பெண்மணி. அவளுடைய விரல்களில்—”

(வேண்டாம். பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்துவிட்டாள். “யாருடி எளிய? உங்க மாமாகிட்ட கேளு, நான் எளியவளான்னு.”)

இரண்டாவது முயற்சி:

“ஊசியும் நூலும் அவளுக்கு ஒரு தவம்—”

(தவமாவது ஒன்றாவது! ரேடியோவை அலறவிட்டுக்கொண்டு தைப்பாள். விரலில் குத்திக்கொண்டால் அவள் வாயிலிருந்து வருவதை இங்கே எழுத முடியாது.)

மூன்றாவது முயற்சியில் ஜோடனை எதுவும் இல்லை. என் அக்கா ஒட்டுத்துணிக் கலைஞர். பழைய சட்டை, கிழிந்த திரைச்சீலை, தையல்கடையில் மிஞ்சிய துண்டு எல்லாவற்றையும் வெட்டி இணைத்துச் சுவரளவு படமாகத் தைக்கிறாள். எதிரே தொங்குவது அவள் குடியிருக்கும் கட்டடத்தின் மாடிப்படி. தெருவாசலிலிருந்து அவள் வீட்டுக் கதவுவரை அறுபத்திரண்டு படி. அறுபத்திரண்டும் வெவ்வேறு நீலம். எல்லாம் மாமா பட்டறைக்குப் போட்டுப்போய் வெளுத்த சீருடைகள். கீழ்ப்படி கருநீலம். மேலே போகப்போக வெளுத்து, கடைசிப் படி கிட்டத்தட்ட வெள்ளை. இருபத்தேழாவது படியில் மட்டும் ஓர் எண்ணெய்க் கறை. அந்த இடத்தை விட்டுவிட்டு வெட்டியிருக்கலாம். “நிஜத்துலயும் அந்தப் படி வழுக்கும்” என்று அப்படியே வைத்துவிட்டாள்.

பதினோரு மாத வேலை.

3

வீட்டில் அவளுக்குத் தனி அறை கிடையாது, சாப்பாட்டு மேசைதான் பட்டறை. மேசையின் குறுக்கே தையல் சாக்பீஸால் ஒரு கோடு. இந்தப் பக்கம் தட்டு, டம்ளர், மாமாவின் செய்தித்தாள். அந்தப் பக்கம் கத்தரி, ஊசிப்பெட்டி, துணி. மேசை துடைத்தால் கோடு அழியும். மறுபடி போடும்போது சாப்பாட்டுப் பக்கமாக இரண்டு விரற்கடை தள்ளிப் போடுவாள். மாமா இதைக் கண்டுபிடிக்க ஒரு வருடமாயிற்று. ஒரு நாள் தட்டு வைக்க இடமில்லாமல் மடியில் வைத்துக்கொண்டு கேட்டாராம்:

“ஏம்மா, இப்படியே போனா நான் பால்கனியில உக்காந்து சாப்பிடணுமா?”

“சாப்பிடுங்களேன். காத்து நல்லா வரும்.”

அவள் வேலை செய்யும் விதத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், பின்னால் தேவைப்படும். அவள் தைக்கிற அளவுக்குப் பிரிக்கவும் செய்வாள். காலையில் தைத்ததை மாலையில் தள்ளி நின்று பார்ப்பாள், உதட்டைப் பிதுக்குவாள், தையல் பிரிக்கிற முள்ளை எடுத்துவிடுவாள். பேனா நீளத்தில் ஒரு கைப்பிடி, நுனியில் கவை மாதிரி ஒரு கூர், அவ்வளவுதான் அந்தச் சாமான். நான்கு நாள் வேலை பத்து நிமிடத்தில் மேசை மேல் துண்டு துண்டாகக் கிடக்கும். நான் துண்டுகளைப் பொறுக்கி அடுக்கப் பார்ப்பேன். “பிரிச்சா என்னடி, துணி எழுந்து ஓடிடவா போகுது?” என்பாள்.

4

பெருநகரங்களைப் பற்றி எழுத வேண்டும். “மாநகரின் விளக்குகள் அவள் கண்களில்—” (நிறுத்து.)

முதல் நகரத்தில் அவளை ஒரு கூடாரத்தில் உட்காரவைத்துத் தைத்துக் காட்டச் சொன்னார்கள். மூன்று நாளும் வந்தவர்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “இதைத் துவைக்கலாமா?” இரண்டாவது நகரத்தில் விடுதியின் ஒன்பதாவது மாடி, சன்னல் திறக்கவே திறக்காது. நூல் கோக்க வெளிச்சம் போதவில்லை. குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து விளிம்பு தைத்து முடித்தாள்.*

எந்த நகரத்துக்குப் போனாலும் சுற்றிப் பார்க்கக் கூப்பிடுபவர்களிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு, தையல்கடைகளின் பின்வாசலில் போய் நிற்பாள். “குப்பையில போடறதைத்தானே கேக்கறேன், சும்மா குடுங்க.” போகும்போது துணிமணி கொண்டுபோகும் பெட்டி, வரும்போது ஊரான் வீட்டு வெட்டுத்துண்டுகளோடு பிதுங்கிக்கொண்டு வரும். ஒரு முறை பெட்டியில் இடமில்லாமல் தன் ஸ்வெட்டரை விடுதியிலேயே விட்டுவிட்டு வந்தாள்.

* முக்காலி இல்லையாம், குப்பைக்கூடையைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தாளாம். “உள்ளதை எழுது” என்கிறாள். எழுதிவிட்டேன்.

5

மூன்றாவது நகரம் இது, இந்த மண்டபம். மாடிப்படியை ஒரு மாதம் காட்சிக்குக் கேட்டார்கள். அட்டைக்கு ஒரு வரி எழுதித் தரச் சொன்னார்கள். “என் தங்கச்சி எழுத்தாளர், அவ எழுதுவா” என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். நான் போனில் கேட்டேன்.

“எப்பக்கா இதெல்லாம் தைக்கற?”

“சும்மா இருக்கறப்பதான்டி.”

‘சும்மா’ என்று அச்சில் போடலாமா? எழுத்தாளர் என்று எனக்கு ஒரு பேர் இருக்கிறதே! அந்தச் சொல்லுக்குச் சட்டை மாட்டி, தலை வாரிவிட்டு, ‘ஓய்வு நேரத்தில்’ என்று அனுப்பிவைத்தேன்.

அவளுக்கு ஓய்வு நேரம் என்று ஒன்று கிடையவே கிடையாது. அவள் ‘சும்மா’ என்றது, ‘உனக்குச் சொன்னாப் புரியாது, விடு’ என்கிற ‘சும்மா’. அகராதியைப் புரட்டிப் புரட்டியே கண் கெட்டவள் நான். கூடப் பிறந்தவள் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லைச் சரியாகப் பிடிக்கத் துப்பில்லை. வெட்கமாக இருக்கிறது. இதைப் பூசி மெழுக மாட்டேன்.

கண்காட்சி முடிந்த அன்று இன்னொரு ‘சும்மா’. ரயிலுக்கு நேரமாகிவிட்டது. அக்கா இரண்டு கையிலும் துணிப்பையோடு லிப்டில் ஏறினாள். பொறுப்பாளர் வெளியே நின்றபடி, “மேடம், மாடிப்படியை என்ன பண்றது?” என்று கேட்டார்.

“சும்மா வெச்சிருங்க—”

லிப்ட் கதவு மூடிக்கொண்டது. “—அடுத்த மாசம் வந்து எடுத்துக்கறேன்” என்கிற மீதி லிப்டுக்குள்ளேயே நின்றுவிட்டது. அதைக் கேட்டவர் உள்ளே இருந்த காவலாளி ஒருவர்தான்.

என் நோட்டில் அரைகுறை வாக்கியங்கள் ஏராளம், ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை. அவளுடைய அரை வாக்கியத்துக்கு மாடிப்படியே போய்விட்டது. என் வரிக்குக் கீழே இன்னொரு சொல்லை அச்சடித்து ஒட்டிவிட்டார்கள்: “அன்பளிப்பு.” அக்கா மறுமாதம் போன் செய்தபோது, “அது இப்ப மண்டபத்தோட சொத்து மேடம்” என்று பதில் வந்தது. அன்றைக்கே எனக்கு டிக்கெட் எடுத்துவிட்டாள். வருகிறாயா என்றுகூடக் கேட்கவில்லை.

6

கதவு திறக்கிறது. நடப்பதை நடக்க நடக்க எழுதுகிறேன், கையெழுத்து கிறுக்கலாகத்தான் இருக்கும்.

“வாங்க மேடம்! பாத்தீங்களா, வாசல்லயே மாட்டியிருக்கோம். நின்னு பாக்காம யாருமே போறதில்ல.”

“நல்லாத்தான் மாட்டியிருக்கீங்க. கழட்டிக் குடுங்க.”

“அது எப்படி? நீங்கதானே சும்மா வெச்சுக்கங்கன்னீங்க. பதிவேட்டுல ஏத்தியாச்சே.”

“வெச்சுக்கங்கன்னு சொல்லல. வெச்சிருங்கன்னேன்.”

“ரெண்டும் ஒண்ணுதானே மேடம்?”

“ரெண்டும் ஒண்ணா?” அக்கா என் தோளைப் பிடித்து முன்னால் இழுத்தாள். “இவளைக் கொஞ்ச நேரம் இங்க வெச்சிருங்கன்னு விட்டுட்டுப் போனா, நீங்களே வெச்சுக்குவீங்களா?”

வாசலில் நின்ற காவலாளி இருமினார். “சார், அம்மா அடுத்த மாசம் வந்து எடுத்துக்கறேன்னு சொன்னாங்க. நான் லிப்டுக்குள்ளதான் இருந்தேன்.”

“நீ சும்மா இருப்பா.”

(நான் இட்டுக்கட்டவில்லை. சத்தியமாக அந்தச் சொல்லைத்தான் சொன்னார்.)

பொறுப்பாளர் கெட்டவர் இல்லை. அவரைக் கெட்டவராக எழுதினால் எனக்கு வேலை சுலபம். மாடிப்படி அவருக்கு மெய்யாகவே பிடித்திருக்கிறது. குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: “உங்களுக்கு இது ஒரு பொழுதுபோக்குதானே மேடம்? வீட்ல ஓய்வா இருக்கறப்ப இன்னொண்ணு தைச்சுடலாம். ஓய்வு நேரத்துல செஞ்சதுன்னு உங்க தங்கச்சியே எழுதிக் குடுத்திருக்காங்களே.”

நான் குறுக்கிட்டேன். “அது தப்பு சார். நான் எழுதினது தப்பு. மாத்தி எழுதித் தர்றேன்.”

“அச்சாயிடுச்சேம்மா.”

அக்கா மாடிப்படியின் பக்கம் திரும்பினாள். நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப்போட்டாள். பையைத் திறந்தாள். பிரிக்கிற முள்ளை எடுத்தாள். கீழ்ப்படியின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்து, முதல் தையலை அறுத்தாள்.

“மேடம்! மேடம், என்ன பண்றீங்க?”

“சும்மா பிரிக்கறேன்.”

7

இந்த இடத்தில் கதையை முடித்துவிடலாம் என்று கை பரபரக்கிறது. முடிக்க முடியவில்லை. அவள் பிரித்துக்கொண்டே இருக்கிறாள்.

பொறுப்பாளர் யாருக்கோ போன் செய்ய மாடிக்கு ஓடியிருக்கிறார். ஓடும்போது காவலாளியிடம், “தடுப்பா!” என்று கத்திவிட்டுப் போனார். காவலாளி யோசித்தார். பிறகு சுவர் விளக்கைப் போட்டுவிட்டு, “கண்ணு வலிக்கும்மா” என்றார். மேல்படிகள் கைக்கு எட்டாதே என்று நான் முணுமுணுத்ததற்கு, “ஏணி இருக்கு” என்றார்.

நான்கு படி கழன்றுவிட்டது. ஒவ்வொன்றின் முதுகிலும் சாக்பீஸால் எண் போட்டு மடித்துப் பையில் வைக்கிறாள். வந்து போகிறவர்கள் சுற்றி நிற்கிறார்கள். ஒரு பெண்மணி, “ஐயோ, பாழாப் போகுதே!” என்றார். “பாழாகல, வீட்டுக்குப் போகுது” என்றாள் அக்கா, தலையைத் தூக்காமல்.

மாமா போன் செய்தார். முள்ளைக் கையிலிருந்து விடாமல் அக்கா ஸ்பீக்கரில் போட்டதால் எல்லோருக்கும் கேட்டது.

“கிடைச்சுதா?”

“குடுக்க மாட்டேங்கறாங்க. பிரிச்சு எடுத்துட்டு வர்றேன்.”

“அறுபத்திரண்டுமா?”

“அறுபத்திரண்டும்.”

“சரி. மேசையைத் துடைச்சு வைக்கறேன். கோடு வேணாம், முழுசா எடுத்துக்க.”

அக்கா மூக்கை உறிஞ்சினாள். தூசி என்று சொல்லி, நான் எழுதக்கூடாது என்றாள். எழுதிவிட்டேன்.

முடிவுக்கு வருவோம். முடிவு அ: பொறுப்பாளர் இறங்கி வந்து, “நிறுத்துங்க மேடம், முழுசாவே கழட்டித் தர்றோம்” என்கிறார். (நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அட்டையை அவர் திருத்துவதாகத் தெரியவில்லை.) முடிவு ஆ: எங்களை வெளியே பிடித்துத் தள்ளுகிறார்கள், பையில் இருக்கும் படிகளோடு ரயிலேறுகிறோம், மேல்படிகள் இந்தச் சுவரிலேயே அந்தரத்தில்— (இதை எழுதினால் என் கையை உடைப்பாள்.) முடிவு இ: நான்—

“என்னடி முடிவு முடிவுன்னு? நான் இன்னும் பத்து படிகூடத் தாண்டல.”

சரி. என்னால் ஆனதைச் செய்தேன். கண்ணாடியை நகர்த்தி அட்டையை உருவிக்கொண்டேன். யாரும் தடுக்கவில்லை. என் மூன்று சொல்லையும் குறுக்கே அடித்தேன், கீழே ஒட்டியிருந்ததையும் சேர்த்து அடித்தேன். அட்டையின் பின்பக்கம் எழுதினேன்: “மாடிப்படி. பதினோரு மாதம் தைத்தது. தைத்தவர் இதோ பிரிக்கிறார்.” அதைத் திரும்பக் கண்ணாடிக்குள் வைத்துவிட்டேன். என் எழுத்திலேயே உருப்படியான வரி அதுதான்.

மாடியில் கதவு சாத்தும் சத்தம் கேட்கிறது. லிப்ட் இறங்குகிறது. யார் வருகிறார்கள், எத்தனை பேர், தெரியவில்லை. காவலாளி ஏணியைக் கொண்டுவந்து சாய்த்துவிட்டார். அக்கா முதல் கம்பில் காலை வைத்தபடி பைக்குள் கைவிட்டு இன்னொரு முள்ளை எடுத்து என் பக்கம் நீட்டுகிறாள்.

“சும்மா எழுதிக்கிட்டே இருக்காம வந்து ஒரு கை பிடி.”

போகிறேன். இந்த முடிவை எங்கே வைப்பது? வாசிக்கிற உங்கள் கை காலியாகத்தானே இருக்கிறது? இந்தாருங்கள், சும்மா வெச்சிருங்க—