முணுமுணுத்தார் என்று எழுதியவள்

கிடங்கு மேற்பார்வையாளருக்கு எல்லோரும் வைத்த பெயர் மைக்செட். அவர் ஒரு மூலையில் நின்று கூப்பிட்டால் மறுமூலையில் லாரி ஓட்டுநர் தூக்கம் கலைந்து எழுவார்.

அன்று அவர் கையிலிருந்து கண்ணாடிப் பெட்டி நழுவி நொறுங்கியது. மூன்று மணிக்கு மேலாளர் அறையில் விசாரணை. வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்ய உட்கார்ந்தவள், அலுவலகமே 'டைப்பிஸ்ட் அக்கா' என்று அழைக்கும் பெண்.

"பெட்டி எப்படி விழுந்துச்சு?" என்றார் மேலாளர்.

மைக்செட் வாயைத் திறந்து ஏதோ சொன்னார். ஒரு சொல்லும் பிடிபடவில்லை.

"என்னம்மா சொல்றாரு?"

"என்னமோ முணுமுணுக்கிறாரு சார்" என்றாள் அவள். 'பதில் சொல்லாமல் முணுமுணுத்தார்' என்று அப்படியே தட்டினாள். சீக்கிரம் முடிந்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

"கேட்டா முணுமுணுப்பா?" மேலாளருக்குக் கோபம் சுள்ளென்று ஏறியது. அங்கேயே பணி இடைநீக்கம். தாளில் மைக்செட் போட்ட கையெழுத்து கோணல்மாணலாக விழுந்ததை அவள் பார்த்தாள். ஆத்திரத்தில் போடுகிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் செய்தி வந்தது. மைக்செட்டுக்குப் பக்கவாதம்.

மூன்றாம் நாள் அவர் மனைவி அந்த வாக்குமூலத் தாளோடு வந்தார். "ஏம்மா, அவரா முணுமுணுத்தாரு? ரகசியத்தையே தெருவுக்குக் கேக்குற மாதிரிதான் சொல்லுவாரு. அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்திருந்தா கை பிழைச்சிருக்கும்னு டாக்டர் சொல்றாரு."

அந்த அம்மாள் போனதும் அவள் அகராதியை எடுத்தாள். முணுமுணு: ஒலியிலிருந்தே பிறந்த சொல், அதிருப்தியோடு வாய்க்குள்ளேயே பேசுதல். குழறு: நாக்குத் தடுமாறிப் பேச்சுத் தெளிவிழத்தல். அன்று அவர் வாய் நன்றாகத் திறந்துதான் இருந்தது. நாக்குதான் புரளவில்லை. அதை அவள் கண்ணால் பார்த்தாள்.

மேலாளரிடம் போனாள். "தப்பா எழுதிட்டேன் சார். அவரு முணுமுணுக்கல. வாய் குழறுச்சு."

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா?"

"இல்ல சார். வேணும்னே முணுமுணுக்கலாம். வேணும்னு யாருக்கும் நாக்கு குழறாது."

அதையே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தாள். இடைநீக்கம் ரத்தானது. கவனக்குறைவுக்காக அவளுக்கு ஒரு மெமோ வந்தது. அது போதாது என்றே பட்டது.

ஞாயிற்றுக்கிழமை மருத்துவமனைக்குப் போனாள். அவளைப் பார்த்ததும் அவர் ஏதோ சொன்னார். மனைவி எடுத்துச் சொல்ல வந்தபோது, இடக்கையால் தடுத்தார்.

அவள் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "இன்னொரு தடவை சொல்லுங்கண்ணே."

நான்காவது முறைதான் புரிந்தது.

"அன்னைக்கே சொன்னேன்மா... கை மரத்துப்போச்சுன்னு."