ரெட்டை பிடித்த பந்து

மாப்பிள்ளை ஒரு ஆட்டம் ஆடினாலே மாமனாருக்கு ஆகாது. இவன் இரண்டு ஆடினான். வெயில் காலத்தில் கிரிக்கெட், மழைக்காலத்தில் கால்பந்து. இரண்டு காலமும் முட்டிக்கொள்ளும் மாதத்தில் வீட்டில் அவன் நிழல்கூடத் தங்காது. பணிமனையில் அவனுக்கு ரெட்டை என்று பேர். பெற்றவர்கள் வைத்த பேர் கூலி கொடுக்கும் ஜன்னலில் மட்டும்தான் கேட்கும்.

மாமனார் அதே பணிமனையில் லேத்தில் இரும்பு கடைகிறவர். இரும்பைத் தவிர எதையும் நம்பமாட்டார். இரும்பையும் அளந்து பார்த்துத்தான் நம்புவார். கைதட்டுகிற கூட்டம் சோறு போடாது என்பது அவர் கட்சி. ரெட்டை ஆடுவதை அவர் ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை. பார்த்தால் மனசு இளகும், இளகினால் திட்ட முடியாது. வேண்டாத வேலை.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை போக வேண்டியிருந்தது. ரெட்டை இன்னும் தினக்கூலிதான். மேலாளருக்குக் கால்பந்துப் பைத்தியம். கிரிக்கெட்டைத் தலைமுழுகினால் நிரந்தர வேலை, இல்லையென்றால் இருக்கிற இடத்திலேயே கிட என்று சொல்லிவிட்டார். அன்றைக்குப் பணிமனை அணி ஆடும் கால்பந்து இறுதி ஆட்டம் முடிந்த கையோடு பதில் சொல்ல வேண்டும். மகளோ நிறைமாதம்.

காலையில் ரெட்டை வாசலில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். உள்ளங்கை இரண்டும் கன்றிச் சிவந்திருந்தன.

“நேத்தும் போனீங்களா?” என்றார் மாமனார். அவர் மனசுக்குள் ‘அவன்’. நேரில் வாங்க போங்க.

“ஸ்லிப்புல நிக்க ஆளில்லன்னாங்க மாமா. நாள் பூரா பந்து அங்கேயே வந்துச்சு.” மட்டையின் விளிம்பில் உரசிப் பின்னால் பறக்கிற பந்தைப் பிடிக்க நிற்கும் இடம் அது. கண் பார்ப்பதற்குள் கை போக வேண்டும்.

“ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால். இன்னைக்கு மேனேஜர் கேட்டா என்ன சொல்லுவீங்க?”

ரெட்டை முடிச்சைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “விட்டுடறேன்னு சொல்றேன்.”

“பக்கத்துல நின்னு என் காதால கேக்கணும். நானும் வரேன்.”

மைதானத்தில் வேலி ஓரமாக நின்றார். பக்கத்தில் பணிமனை வெல்டர், வாய் ஓயாதவன்.

“என்ன பெரியவரே, காத்து இந்தப் பக்கம் அடிக்குது? மாப்பிள்ளை காசு குடுத்துக் கூட்டிட்டு வந்தாரா?”

“வாயை வெல்டிங் வச்சு மூடுடா.”

ரெட்டை பின்வரிசையில் ‘பேக்’ ஆக நின்றான். மாமனார் முதலில் குறை பிடிக்கத்தான் பார்த்தார். அகப்படவில்லை. எதிராளி எங்கே உதைக்கப்போகிறான் என்பது ரெட்டைக்கு முன்கூட்டியே தெரிந்தது. மற்றவன் ஓடிப் போகும் இடத்தில் இவன் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தான். பந்து அவன் காலுக்கு வந்ததும் நாய்க்குட்டி மாதிரி அடங்கியது. மோதி விழுந்தவனைத் தூக்கிவிட்டு, அந்தக் கையாலேயே ஆட்களுக்கு இடம் காட்டினான். இத்தனை நாள் இவனையா திட்டினோம் என்று அவருக்கே ஒரு மாதிரி இருந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

இரண்டு பக்கமும் கோல் இல்லை. ஆட்டம் முடியப்போகும் நேரம் எதிரணிக்காரன் ஒருவன் தூரத்திலிருந்து விட்டான் ஒரு உதை. கோல்கீப்பர் பாய்ந்தும் எட்டவில்லை. பந்து கம்பத்தின் மேல் மூலைக்குப் போயேவிட்டது. கோல் கோட்டின் மேல் நின்ற ரெட்டை இடது பக்கம் பறந்தான். ஆமாம், பறந்தான்; வேறு சொல் கிடையாது. உடம்பு முழுக்கக் காற்றில் நீண்டு கிடக்க, ஒற்றைக் கையில் பந்து பழம் மாதிரி ஒட்டிக்கொண்டது. தரையில் புரண்டு எழுந்தவன் பந்தை வானத்துக்கு எறிந்தான். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நடுவரைப் பார்த்து, “அவுட்டா?” என்று கத்தினான்.

முந்தின நாள் கிரிக்கெட்டில் அம்பயராக நின்றவரும் அந்த நடுவர்தான். அவரும் ஒற்றை விரலைத் தூக்கிவிட்டார்.

மைதானத்தில் வெடித்ததே ஒரு சிரிப்பு! எதிரணிக்காரர்கள் தரையில் உட்கார்ந்து சிரித்தார்கள். நடுவர் தன் விரலையே யாருடையதோ என்பதுபோலப் பார்த்தார். பிறகு முகம் சிவந்து விசில் ஊதினார், சிவப்பு அட்டையைக் காட்டினார். பெனால்டி. கோல். தோல்வி.

மாமனார் சிரிக்கவில்லை. “டேய்! என்ன பிடிடா அது!” என்று அவர் வாய் தானாகக் கத்தியிருந்தது. வெல்டர் வாயடைத்து நின்றான்.

உடை மாற்றும் அறையில் மேலாளர் கொதித்துக்கொண்டிருந்தார். “பாத்தியா உன் கிரிக்கெட் பண்ண வேலையை? கோப்பையே போச்சு. இருந்தாலும் உன்னை மாதிரி பேக் எனக்குக் கிடைக்கமாட்டான். ஒரே வார்த்தை. கிரிக்கெட்டை விடறியா?”

ரெட்டை தலை குனிந்து நின்றான். மாமனாரை ஒரு தடவை பார்த்தான். வாயைத் திறந்தான்.

“விடமாட்டார்,” என்றார் மாமனார்.

“நீ யாருய்யா நடுவுல?”

“பொண்ணு குடுத்தவன். அந்தக் கை இன்னைக்குத் தப்புதான் பண்ணிச்சு. ஆனா அப்படி ஒரு பிடி உங்க ஆளுங்கள்ல எவன் பிடிப்பான்? அதை வெட்டிப் போட்டுட்டுக் காலை மட்டும் வச்சு என்ன பண்ணப்போறீங்க?”

“அப்ப தினக்கூலிதான். அப்புறம் என்கிட்ட வந்து நிக்கக்கூடாது.”

“நிக்கமாட்டோம்.”

இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். மூட்டு தேய்கிறவரைக்கும் ரெட்டை இரண்டையும் ஆடினான், அந்த வட்டாரத்தில் அப்படி இன்னொருவன் வரவில்லை என்பதெல்லாம் பின்னால் நடந்த கதை. அன்றைக்கு அவர்களுக்கு வீட்டில் என்ன சொல்வது என்பதுதான் கவலை.

மகள் அடுக்களையில் வெங்காயத்தைக் குவித்து வைத்து உட்கார்ந்திருந்தாள். “வேலை ஆச்சாப்பா?”

“ஆகல. நான்தான் கெடுத்தேன்.”

நடந்ததைச் சொன்னார். கேட்கக் கேட்க அவள் முகம் இறுகியது. “பிள்ளை பொறக்கப்போற வீடு இது! மாமனாருக்கும் மருமகனுக்கும் ஒரே மண்டையா? அப்படி என்னத்தைத்தான் பிடிச்சு கிழிச்சாரு?”

கோபத்தில் ஒரு வெங்காயத்தை எடுத்துப் புருஷன் மேல் விட்டெறிந்தாள். பானையில் தண்ணீர் மொள்ளக் குனிந்திருந்த ரெட்டை திரும்பக்கூட இல்லை. இடது கை மட்டும் பின்னால் போய் அதை வாங்கிக்கொண்டது.

மகள் அந்தக் கையையே பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். குவியலில் இன்னொன்றைத் தேடி எடுத்து, “இருங்க, திரும்பாதீங்க,” என்று குறி பார்த்தாள்.