குளிர்காலத்துத் துளை

என் தங்கை புருஷன் தாம்தின் கெட்டிக்கார ஓட்டுநர்தான். கைதான் கொஞ்சம் திமிர் பிடித்தது. அவனுடைய ரஷ்ய வேனின் கார்புரேட்டர் அவன் அப்பன் காலத்துச் சாமான். போன குளிர்காலத்தில் அதை முழுசாகப் பிரித்து, பெட்ரோலில் ஊறப்போட்டுக் கழுவி, ஓட்டை விழுந்த மிதவைக்கு ஈயம் வைத்து, பழைய பூட்ஸ் தோலில் கேஸ்கெட் வெட்டிப் போட்டான். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பெட்ரோல் போகிற ஜெட்டின் துளையையும் அரத்தால் ராவிப் பெரிதாக்கினான். துப்பின எச்சில் உறைகிற எங்கள் மங்கோலியக் குளிரில் வண்டி பாய்ந்துகொண்டு போனது. ஊரே மெச்சியது. நானும்தான் மெச்சினேன்.

ஜூலையில் என் தங்கை உயங்காவுக்குக் கூடாரத்திலேயே மகன் பிறந்தான். நஞ்சுக்கொடி விழவில்லை, ரத்தமும் நிற்கவில்லை. ஆஸ்பத்திரி கணவாய்க்கு அந்தப் பக்கம். அவளைக் கம்பளியில் சுற்றி வேனின் பின்னால் கிடத்தினோம். குழந்தை என் மடியில்.

பாதி ஏற்றத்தில் வண்டி கரும்புகை கக்கியது. அடுத்த வளைவில் நின்றே போனது.

"என்னடா ஆச்சு?"

"பெட்ரோல் அதிகமாப் போகுதுக்கா. குளிர்ல காத்து கெட்டியா இருந்துச்சு, அந்தத் துளை தாங்குச்சு. இங்க வெயிலு, உசரம் வேற. காத்து பத்தாம இன்ஜின் முங்குது."

"பாடம் எடுக்காத. ஓட வை."

ஹாரனுக்குப் போகிற வயரை அறுத்து, அதிலிருந்து ஒற்றைச் செம்பு இழையை உருவினான். ஜெட்டைக் கழற்றி, துளை சிறுக்கட்டும் என்று இழையை அதற்குள் செருகப் பார்த்தான். ஜெட் கை நழுவிப் புல்லுக்குள் விழுந்தது. இரண்டு பேரும் மண்டி போட்டுத் துழாவினோம்.

"ஆட்டுக்குட்டியத் தொலைச்சிட்டீங்களா?" என்றாள் உயங்கா உள்ளேயிருந்து. அந்த நிலையிலும் கேலி, பாவிமகளுக்கு. அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

ஜெட் கிடைத்து வண்டி கிளம்பியபோது எங்கள் நிழல் நீண்டிருந்தது.

உச்சியில் மலைத்தெய்வத்தின் கற்குவியல். இறங்கி மூன்று சுற்றுச் சுற்றி ஒரு கல்லை வைத்துவிட்டுத்தான் யாரும் கடப்பார்கள். அவசரக்காரர்கள் மூன்று தடவை ஹாரன் அடித்தால் மலை பொறுத்துக்கொள்ளும். தாம்தின் ஹாரனை அழுத்தினான். சத்தமே இல்லை. வயரை அறுத்ததே அவனுக்கு நினைவில்லை. அவன் கால் பிரேக்குக்குப் போனது.

"நிறுத்தின, கழுத்தை நெறிச்சிடுவேன். ஓட்டுடா!"

ஓட்டினான்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே அவள் போய்விட்டாள். "கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருக்கலாம்," என்றார் டாக்டரம்மா. அந்தக் கொஞ்ச நேரம் எந்த வளைவில் போனது என்று எனக்குத் தெரியும்.

தாம்தின் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான்.

"மலையைக் கும்பிடாம வந்துட்டேன்க்கா. அதான் எடுத்துக்கிச்சு." தன் கையைப் பார்த்துக்கொண்டே, "இல்லன்னா... அந்த ஜெட்டு..." என்று தொடங்கினான்.

என் தங்கச்சியைக் கொன்னவனே என்று கத்த வாய் வரை வந்துவிட்டது. ஒரே வயிற்றில் பிறந்தவள், எனக்கு ஆறுமா? மடியில் குழந்தை வாயைத் திறந்து திறந்து மாரைத் தேடியது. அதற்கு இனி இவன் ஒருத்தன்தான்.

"ஜெட்டாவது மண்ணாவது! நீ நிறுத்தத்தான் பாத்த. ஓட்டுன்னு விரட்டினது நான். மலைக்குத்தம் என் தலையோட போகட்டும். புள்ளையப் பிடி."

அவன் நிமிர்ந்து பார்த்த பார்வையில் வெறுப்பு இருந்தது. இருக்கட்டும். பிள்ளையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.